இரண்டாவதாக வருபவரின் நேரம்

விளையாட்டுப் போட்டிகளின் விதிப்புத்தகத்தை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. வாசிக்கலாம் என்பது என் கட்சி. ஒரு நாவலாசிரியர் தன் பாத்திரங்களை எந்த நெருக்கடியில் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதை வைத்துத்தான் அவரை மதிப்பிடுகிறோம். பந்தயத்தை வடிவமைப்பவரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறார். வரப்போகிற ஆட்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர்களுக்கு இடையில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு ஒரு சட்டகத்தை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அந்தச் சட்டகம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்று விமர்சகர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

நான் எடுத்துக்கொள்வது கேப் எபிக் என்ற மலைச் சைக்கிள் பந்தயத்தை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் 2004 முதல் நடந்துவருகிறது. கெவின் வெர்மாக் என்ற தென்னாப்பிரிக்கர், கோஸ்டாரிகாவில் நடக்கும் லா ருட்டா பந்தயத்தில் ஓட்டிவிட்டு வந்து, தன் நாட்டிலும் இப்படியொன்று வேண்டும் என்று தொடங்கியது. முதல் ஆண்டு கடலோர ஊரான நைஸ்னாவில் ஆரம்பித்து ஸ்டெல்லன்போஷ் பக்கம் வந்து முடிந்தது. இன்றைய வடிவத்தில் எட்டு நாட்கள்: ஒரு முன்னோட்டச் சுற்று, பிறகு ஏழு கட்டங்கள். மொத்தத் தூரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஏறத்தாழ 600 முதல் 700 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 15,000 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். எவரெஸ்டின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், அதுவும் கல்லிலும் மணலிலும்.

இந்த எண்களெல்லாம் சுவரொட்டிக்கு உதவும். எனக்கு முக்கியம் இரண்டு விதிகள். ஒன்று, தனியாக யாரும் பெயர் கொடுக்க முடியாது. இருவர் சேர்ந்த அணியாகத்தான் வரவேண்டும். அந்த இருவருக்கும் இடையே வழி நெடுக இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. சோதனைச் சாவடிகளில் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். மீறினால் நேரத் தண்டனை, திரும்பத் திரும்ப மீறினால் வெளியேற்றம். இரண்டு, அணியின் நேரம் என்பது இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டுபவரின் நேரம். முதல் ஆள் எப்போது வந்தார் என்பதற்கு மதிப்பில்லை. இணை உடம்பு முடியாமல் விலகிவிட்டால் மற்றவர் தனியாக மிச்சத் தூரத்தை ஓட்டலாம், ஆனால் அணிகளின் தரவரிசையில் அவருக்கு இடம் கிடையாது.

இதுல என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், தொழில் பழக்கம்.

*

சைக்கிள் பந்தயத்தில் 'அணி' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் பாலைவனத்தில் 1995-இல் தொடங்கிய 24 மணிநேரப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அணி என்பது தொடரோட்டமாக இருந்தது. ஒருத்தர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார், அடுத்தவர் கிளம்புவார். பாதையில் எப்போதும் ஒருவர்தான். அணியின் கணக்கு கூட்டல் கணக்கு. உங்களில் ஒருவர் புலி என்றால் அவர் சம்பாதித்துத் தரும் நிமிடங்கள், மெதுவாக ஓட்டுபவர் இழக்கும் நிமிடங்களை ஈடுகட்டிவிடும். பலசாலியின் மிகுதி அப்படியே அணியின் வங்கிக்கணக்கில் சேர்கிறது.

கேப் எபிக்கின் கணக்கு வேறு. அது இரண்டு எண்களில் பெரியதை எடுக்கும் கணக்கு. ஒருவர் நான்கு மணிநேரத்தில் முடிக்கக்கூடியவர், மற்றவர் ஐந்து மணிநேரம் எடுப்பவர் என்றால் அணியின் நேரம் ஐந்து. முதலாமவர் மூன்றரை மணிநேரக்காரராக இருந்தாலும் அதே ஐந்துதான். அவருடைய மிகுதிப் பலம் கணக்கில் சேராமல் காற்றில் போகிறது. அதை அணிக்குப் பயன்படுத்த ஒரே வழி, அதை எப்படியாவது இரண்டாமவரின் உடம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. எதிர்க்காற்றில் முன்னால் நின்று மறைப்புக் கொடுக்கலாம். ஏற்றத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளலாம். டயர் பஞ்சரானால் இறங்கி வேலை செய்து, அவரை உட்கார வைக்கலாம். பேசலாம். பேசாமலும் இருக்கலாம், சில சமயம் அதுதான் பெரிய உதவி.

துரதிர்ஷ்டத்தின் கணக்கும் மாறுகிறது. ஒரு பேச்சுக்கு, ஒருவருக்கு ஒரு நாளில் சைக்கிள் மோசமாகப் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். தனியாளாக எட்டு நாட்களில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 34 சதவீதம். இருவராகப் போனால் 56 சதவீதம். அதாவது துணை என்பது பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம், எண்கள் வேறு சொல்கின்றன. துணையோடு போகிறவருக்கு நடக்கக்கூடிய கெட்டது கூடுகிறது. அவருடைய அதிர்ஷ்டமின்மையும் இனி உங்களுடையது. கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

*

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். அணியாகச் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிய படங்களில் எல்லோரும் கொண்டாடுவது பீட்டர் யேட்ஸ் இயக்கி 1979-இல் வந்த 'பிரேக்கிங் அவே'. ஸ்டீவ் டெசிச்சுக்குத் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. இந்தியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன் நகரில், பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கல்குவாரித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் இடையே இருக்கும் வர்க்கப் புகைச்சல்தான் கதை. அங்கே உண்மையிலேயே நடக்கும் 'லிட்டில் 500' பந்தயத்தில்தான் உச்சக்காட்சி. நால்வர் அணி, 200 சுற்று, 50 மைல், ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டவேண்டும்.

படம் எனக்குப் பிடிக்கும். அந்த அப்பா பாத்திரத்துக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். ஆனால் அணி என்ற விஷயத்தில் படம் செய்வதைக் கவனியுங்கள். நால்வரில் டேவ் மட்டும்தான் ஓட்டக்காரன். அவன் யாருக்கும் சைக்கிளை மாற்றிக் கொடுக்காமல் தனியாகவே ஓட்டி முன்னிலை பெறுகிறான். மற்ற மூவரும் ஓரத்தில் நின்று கத்துகிறார்கள். டேவுக்கு அடிபட்ட பிறகுதான் அவர்கள் சைக்கிளில் ஏறுகிறார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. கடைசியில் டேவின் பாதங்களைப் பெடலோடு டேப் போட்டுக் கட்டி அனுப்ப, அவன் ஜெயிக்கிறான். நான்கு பேரின் கதை என்று சொல்லப்படும் படத்தில் மூன்று பேர் நாயகனின் காயம் ஆறும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்கள். பேருந்தில் துண்டு போட்டு வைப்பதுபோல.

நம்மூரில் பலரும் இதை 'ஜோ ஜீதா வோஹி சிக்கந்தர்' வழியாகத்தான் அறிவார்கள். மன்சூர் கான் இயக்கி 1992-இல் வந்தது. இரண்டு படங்களுக்கும் உள்ள ஒற்றுமை நிறையப் பேசப்பட்டிருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறுபாடு. இந்திப் படத்தில் அணி என்ற வேஷம்கூட இல்லாமல் போய்விடுகிறது. அண்ணன் காயப்பட்டுப் படுக்க, பொறுப்பற்ற தம்பி அந்த இடத்தில் இறங்கி ஜெயிக்கிறான். நட்பு, குடும்பம், ஊர் மானம் எல்லாம் ஒற்றை ஆளின் கால்களுக்குள் வந்து அடைக்கலம் ஆகின்றன. நம் சினிமாவில் கூட்டாகச் செய்யும் எந்தக் காரியமும் கடைசி பத்து நிமிடத்தில் ஒருத்தன் தோளில்தான் வந்து உட்காரும். கபடிப் படமானாலும் சரி, கிரிக்கெட் படமானாலும் சரி, கடைசி ரெய்டுக்கும் கடைசிப் பந்துக்கும் நாயகன்தான்.

இதைத் திறமைக்குறைவு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. கூட்டல் கணக்குள்ள விளையாட்டில் கதை தன்னால் அந்தப் பக்கம் சரியும். யார் அதிகம் சேர்த்தாரோ அவர் நாயகன். கேப் எபிக்கின் விதி அந்தச் சரிவைத் தடுக்கிறது. கடைசி பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து நின்று சிறகு விரித்துப் பறந்தால், இரண்டு நிமிடத்தில் அவர் நின்றாக வேண்டும். நின்று திரும்பிப் பார்த்தாக வேண்டும். நாயகத் தருணத்தையே விதிமீறலாக மாற்றிவிட்ட ஒரு கதைச்சட்டகத்தை இதற்கு முன் நான் கண்டதில்லை.

*

ஆனால் இந்த விதியை ரொம்பவும் புனிதப்படுத்திவிடக் கூடாது. அது உண்டாக்கும் நாடகத்தில் அன்பு மட்டும் இல்லை.

மலைப்பாதையில் இரண்டு பேராக ஓட்டிய எவருக்கும் இது தெரியும். பலசாலி மேடேறி உச்சியில் காத்திருப்பார். தண்ணீர் குடிப்பார், மூச்சு வாங்கி முடிப்பார். ஒன்றரை நிமிடம் கழித்து மற்றவர் நாக்குத் தள்ளி வந்து சேர்வார். அவர் தலை தெரிந்ததுமே முதலாமவர், "போலாமா?" என்பார். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுபவருக்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. விதிப்படி எல்லாம் சரி. இரண்டு நிமிடம் மீறப்படவில்லை. எட்டு நாட்கள், ஒவ்வொரு ஏற்றத்திலும் இது நடந்தால் அந்த உறவு என்னவாகும்?

பின்தங்குபவரின் பக்கம் இன்னும் சிக்கல். "எனக்காக நிக்காத" என்று சொல்லும் உரிமைகூட அவருக்கு இல்லை. தனியாக ஓட்டியிருந்தால் அவர் வெறும் மெதுவான ஆள், அவ்வளவுதான். இங்கே அவருடைய மெதுவான வேகம் இன்னொருவரின் நஷ்டமாகப் பதிவாகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்காக ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பது போன்ற தண்டனை வேறில்லை. உதவி பெறுவதன் அவமானத்தைப் பற்றி நம் நாவல்கள் கடன், சோறு, அடைக்கலம் ஆகியவற்றின் வழியாக நிறைய எழுதியிருக்கின்றன. முதுகில் படும் கையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்தக் கை தள்ளுகிறது. தள்ளும்போதே 'உன்னால் முடியவில்லை' என்றும் சொல்கிறது.

விதி இதற்குத் தீர்வு எதுவும் சொல்வதில்லை. காத்திரு என்கிறது, எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. நல்ல ஆசிரியர் செய்வதும் அதுதான்.

*

சிக்கல் என்னவென்றால், இந்தப் பந்தயத்தைச் சொல்பவர்கள் இந்த விதியை நம்புவதில்லை. நேரலையில் ஹெலிகாப்டர் முன்னால் போகும் நான்கைந்து அணிகளின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே இணைகள் ஏறத்தாழ சமபலம் கொண்டவை, விதி கண்ணுக்கே தெரியாது. ஏறத்தாழ 600 அணிகள் ஓட்டும் பந்தயத்தில், விதி உண்மையிலேயே வேலை செய்வது நடுவிலும் பின்னாலும். நண்பர்கள், கணவன் மனைவி, அப்பாவும் மகளும், ஒரே அலுவலகத்துக்காரர்கள் என்று அன்றைய நேர வரம்புக்குள் எப்படியாவது வந்துவிடத் துடிக்கும் இடத்தில். அங்கே கேமரா போவது, யாராவது அழும்போது மட்டும்.

முன்வரிசையின் வரலாற்றையும் இணைகளாக வாசித்தால் வேறு கதை கிடைக்கும். ஜெர்மனியின் கார்ல் பிளாட் ஐந்துமுறை வென்றவர் என்று சொல்வார்கள். 2004-இல் நமீபியாவின் மேனி ஹேமன்ஸோடு, 2007, 2009, 2010-இல் ஸ்டெஃபான் சாமோடு, 2016-இல் உர்ஸ் ஹூபரோடு என்று சொன்னால்தான் வாக்கியம் முழுமையாகிறது. டென்மார்க்கின் அன்னிகா லாங்வாட் பலமுறை வென்றார். அதில் 2019-இல் அவருடன் ஓட்டியவர் அன்னா ஃபான் டெர் ப்ரெகன், ரியோ ஒலிம்பிக்கில் தார்ச்சாலைப் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர். ஒருவர் கால்பலத்தில் உலகிலேயே முன்னணி, மற்றவர் கல்லும் வேரும் நிறைந்த பாதையை வாசிக்கத் தெரிந்தவர். அங்கே யார் யாருக்காகக் காத்திருந்தார் என்பது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மாறியிருக்கும். எனக்குப் பார்க்கவேண்டும் என்றிருந்தது அதைத்தான். சிறப்புத் தொகுப்புகளில் கிடைத்தது வெற்றிக்கோட்டில் உயர்ந்த கைகள்.

தென்னாப்பிரிக்காவின் மேட் பியர்ஸ் நான்குமுறை வென்றிருக்கிறார், நான்கு வெவ்வேறு இணைகளோடு: 2021-இல் ஜோர்டான் சாரூ, 2023-இல் கிறிஸ்டோபர் ப்ளெவின்ஸ், 2024-இல் ஹோவர்ட் கிராட்ஸ், 2025-இல் கீகன் ஸ்வென்சன். இதைப் பியர்ஸின் மேன்மைக்குச் சான்றாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி வருகிறது. இணை என்பவர் கழற்றி மாற்றக்கூடிய உதிரிபாகமா? அல்லது யாரோடு போட்டாலும் அவரோடு ஒத்து ஓட்டத் தெரிவதுதான் இந்த விளையாட்டின் உண்மையான திறமையா? இரண்டாவது பதில் சரியென்றால் பியர்ஸை நாம் இதுவரை தவறான காரணத்துக்காகப் பாராட்டிவருகிறோம்.

இந்தக் கேள்வியின் கடுமையான வடிவம் 2013-இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசரும் தென்னாப்பிரிக்காவின் பர்ரி ஸ்டாண்டரும் 2011, 2012 இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து வென்றவர்கள். ஸ்டாண்டர் சவுசரைவிட பத்து வயதுக்கு மேல் இளையவர், லண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பிடித்தவர். 2013 ஜனவரி 3 அன்று, தன் ஊர்ப்பக்கம் பயிற்சியில் இருந்தபோது வாடகை வண்டி மோதி இறந்துபோனார். வயது 25. மார்ச் மாதம் சவுசர் மீண்டும் கேப் எபிக்கில் இறங்கினார். இந்த முறை இணை, லண்டன் தங்கப் பதக்கக்காரரான செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி. இருவரும் வென்றார்கள்.

இதை எப்படி வாசிப்பது? மூன்று மாதத்துக்குள் ஒரு மனிதனின் இடத்தில் இன்னொரு மனிதன். கொடுமையாகவும் தெரிகிறது, வேறு வழியில்லை என்றும் தெரிகிறது. தனியாக ஓட்டும் பந்தயமாக இருந்திருந்தால் சவுசர் தன் துக்கத்தோடு தனியாகப் போயிருக்கலாம், கைப்பட்டையில் ஒரு பெயரை எழுதிக்கொண்டு. இந்தப் பந்தயம் அதை அனுமதிக்காது. துக்கப்பட்டவர் இன்னொருவரோடு சேர்ந்தே வரவேண்டும், அவருக்காக நிற்கவேண்டும், அவர் வேகத்துக்கு ஓட்டவேண்டும். ஆறுதல் என்பதற்கு இதைவிட நடைமுறைக்கு உகந்த விளக்கம் எனக்குத் தெரியாது. ஒளிபரப்பு அதை 'அஞ்சலி' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டது.

*

பந்தயத்தின் மீதே எனக்குள்ள மனக்குறை ஒன்று உண்டு. விளம்பரங்களில் அது தன்னை 'அடக்கப்படாத' ஆப்பிரிக்கப் பந்தயம் என்று அழைத்துக்கொள்கிறது. பாதையைப் பார்த்தால் பெரும்பகுதி திராட்சைத் தோட்டங்கள், பழத் தோட்டங்கள், தனியார் பண்ணைகள். அடிமைகளின் உழைப்பில் நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்து, மிகக் கச்சிதமாக அடக்கப்பட்ட நிலம் அது. மாலையில் கூடாரம், வெந்நீர், மசாஜ், சைக்கிளைக் கழுவித் தர ஆட்கள். 2016-இல் அயர்ன்மேன் நிறுவனம் பந்தயத்தை வாங்கியது. நுழைவுக் கட்டணம் அந்த நாட்டின் பெரும்பான்மையோர் கனவிலும் கட்டமுடியாதது. உள்ளே இருவருக்கு இடையே இரண்டு நிமிட இடைவெளியைக்கூடப் பொறுக்காத அமைப்பு, வெளியே எவ்வளவு இடைவெளியை இயல்பாக எடுத்துக்கொள்கிறது! ஸ்டெல்லன்போஷை ஒட்டிய கயமண்டி குடியிருப்பில் பிள்ளைகளுக்குச் சைக்கிளும் படிப்பும் தரும் சோங்கோ என்ற அமைப்பைச் சவுசர் தன் நண்பர் சோங்கோ ஃபிபாசாவோடு தொடங்கினார். சவுசர் ஸ்டாண்டர் அணியின் பெயரிலேயே அது இருந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு தனிமனிதர் திரும்பிப் பார்த்தது. விதி திரும்பிப் பார்க்கச் சொன்னது அல்ல.

என் தொழிலிலும் இதே குழப்பம்தான். நாங்கள் கட்டும் மென்பொருளில் ஒரு கோரிக்கைக்குப் பல துண்டுகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பயனர் காத்திருப்பது கடைசியாக முடியும் துண்டுக்குத்தான். மற்றவை எவ்வளவு சீக்கிரம் முடித்தன என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இயந்திரங்களுக்கு இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடும் நாங்கள், மனிதர்கள் என்று வந்ததும் கூட்டல் கணக்குக்குப் போய்விடுகிறோம். தினமும் காலையில் நின்றுகொண்டே கூடி 'டீம்' என்று நூறு தடவை சொல்வோம். வருடக் கடைசியில் மதிப்பெண் ஆளுக்கு ஆள் தனித்தனியாக, பெல் கர்வ் வளைவில் ஒருவரைக் கீழே தள்ளினால்தான் இன்னொருவர் மேலே ஏறலாம். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பக்கத்தில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த இரண்டு மணிநேரம் எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. நம்மில் யாரும் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடப்பதில்லை. அணியின் நேரம் இரண்டாமவரின் நேரம் என்று எங்கள் விதிப்புத்தகத்தில் எழுதப்படவில்லை, அதனால் நடக்கிறது.

உழவுக்காரர்கள் இதை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். சமமில்லாத இரண்டு மாடுகளை ஏரில் பூட்டும்போது, நுகத்தடியில் கட்டும் இடத்தை வலுவான மாட்டின் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டுவார்கள். நெம்புகோல் கணக்குப்படி பாரம் அந்தப் பக்கம் கூடும், மெலிந்த மாடும் சால் விலகாமல் கூடவே நடக்கும். அன்பைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது. ஒரு சாண் கயிற்றை எங்கே கட்டுவது என்பதுதான் பேச்சு. மாட்டைக் கேட்டுக் கட்டுவதில்லை என்பது வேறு விஷயம். கேப் எபிக்கில் ஓட்டுபவர்கள் காசு கொடுத்து, விரும்பிப் போய்க் கழுத்தை நீட்டுகிறார்கள்.

அதனால்தான் இந்த விதியை நான் நல்ல எழுத்து என்கிறேன். மனிதர்களை நல்லவர்களாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அதற்கு இல்லை. தனியாக அவசரப்படுவதற்கு விலையில்லாமல் செய்துவிட்டு, மிச்சத்தை அவர்களிடம் விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தில் திட்டுகிறவரும் உண்டு, உச்சியில் காத்திருந்துவிட்டு மற்றவர் வந்த பிறகும் இன்னும் ஒரு நிமிடம் சும்மா நிற்பவரும் உண்டு. அந்தக் கூடுதல் நிமிடத்தை எந்த விதியும் கேட்கவில்லை, அது அணியின் நேரத்தைக் குறைக்குமா கூட்டுமா என்பதும் தெரியாது.

யாராவது இந்தப் பந்தயத்தைப் படமாக எடுப்பதானால் ஒரு வேண்டுகோள். ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நடுவரிசை அணிகள் ஏறிவரும் ஏதாவது ஒரு மேட்டின் உச்சியில் ஒரே ஒரு கேமராவை நாள் முழுக்க வைத்துவிட்டு வாருங்கள். முதலில் வருகிறவர் காலை ஊன்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பின்னால் திரும்புவார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும், கீழே ஏறிவருகிறவர் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கும் கணம் வரைக்கும்.